பெல்ட்டைக் கழற்றும்போதே பம்பையும் மாற்றலாமா?

கார் வைத்திருக்கும் அன்பர்கள் பலருக்கு ஒரு சந்தேகம் உண்டு. "டைமிங் பெல்ட் மாற்றத்தான் காரைப் பட்டறைக்குக் கொண்டு போகிறோம். அங்கே வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றச் சொல்கிறார்கள். பம்ப் நன்றாகத்தானே ஓடுகிறது? இது நம்மிடம் காசு பிடுங்கும் வேலையா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பட்டறைக்காரர் சொல்வதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் பெரும்பாலும் அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அது எப்படி என்று பார்ப்போம்.

தாளம் தப்பினால்...

இஞ்சினின் அடியில் கிராங்க் தண்டு சுழல்கிறது. மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு சுழல்கிறது. கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றினால் கேம் தண்டு சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். இந்தத் தாளம் தப்பாமல் இரண்டையும் இணைப்பதுதான் பல் வைத்த ரப்பர் டைமிங் பெல்ட். ஓட்டத்தில் அது அறுந்தால் வால்வுகள் அப்படியே நின்றுவிடும். பிஸ்டன்கள் மட்டும் வந்த வேகத்தில் மேலே ஏறும். பல இஞ்சின்களில் இரண்டும் மோதி, வால்வுகள் வளைந்து, இஞ்சினையே பிரிக்க வேண்டிய நிலை வரும்.

எல்லாக் கார்களிலும் இந்த பெல்ட் கிடையாது. 1993இல் வந்த புரோட்டோன் வீராவிலும், 2004இல் வந்த ஜென்-2இலும் ரப்பர் பெல்ட். 2005இல் வந்த பெரோடுவா மைவியில் இரும்புச் சங்கிலி. எனவே மைவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர், "நான் இதையெல்லாம் மாற்றியதே இல்லை" என்று சொன்னால், அந்தப் பேச்சு உங்கள் வீராவுக்குப் பொருந்தாது.

பெல்ட்டுக்கு ஆயுள் உண்டு. பல கார்களுக்கு 60,000 முதல் 100,000 கிலோமீட்டர் வரை. இல்லையென்றால் குறிப்பிட்ட ஆண்டுகள். உங்கள் காரின் கையேட்டில் இருப்பதே சரியான கணக்கு. கிள்ளானில் குடியிருந்து பிரிக்பீல்ட்ஸில் வேலை பார்க்கும் ஒருவர் போகவர நாளுக்கு 65 கிலோமீட்டர் ஓட்டுகிறார், மாதம் 25 நாள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 19,500, நான்கே ஆண்டில் 78,000 கிலோமீட்டர். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் நிற்கும்போது மீட்டர் ஏறாது. இஞ்சினும் பெல்ட்டும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

பம்புக்கும் பெல்ட்டுக்கும் என்ன உறவு?

இஞ்சினின் சூட்டைத் தணிக்கும் நீரை ரேடியேட்டருக்கும் இஞ்சினுக்கும் இடையே சுற்றவிடுவது வாட்டர் பம்ப். அதற்குள் ஒரு பேரிங், நீர் கசியாமல் தடுக்க ஒரு சீல். பல இஞ்சின்களில் இந்தப் பம்பைச் சுழற்றுவதே டைமிங் பெல்ட்தான். பேரிங் தேய்ந்து ஆட்டம் கண்டால் பெல்ட் ஒரு பக்கமாக விலகும். சீல் தேய்ந்து கசிந்தால் நீர் பெல்ட்டின் மேல் விழும். பேரிங் இறுகிப் போனால் பெல்ட்டின் பற்களே உதிரும். புது பெல்ட்டின் ஆயுளைப் பழைய பம்ப் முடித்துவிடும்.

இப்போது பணக் கணக்கைப் பாருங்கள். உதாரணத்திற்கு, பிரித்துப் பூட்டும் கூலி 200 ரிங்கிட், பெல்ட் 100, பம்ப் 120 என்று கொள்வோம். சேர்த்துச் செய்தால் 420 ரிங்கிட். பெல்ட்டை மட்டும் மாற்றினால் இன்று 300. ஓராண்டு கழித்துப் பம்ப் கசிந்தால் அதே இடத்தை மறுபடி பிரிக்க வேண்டும். கூலியும் பம்பும் 320. ஆக மொத்தம் 620. நனைந்த பெல்ட்டையும் மாற்றினால் 720. பம்பின் விலையைவிட, அதை எட்டிப் பிடிக்கும் கூலிதான் பெரிது. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், அதன் அருகில் உள்ள ஆயில் சீல் ஆகியவற்றுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

பட்டறையில் முதலில் இதைக் கேளுங்கள்: "என் காரில் பம்பைச் சுழற்றுவது டைமிங் பெல்ட்டா, வெளியே இருக்கும் பெல்ட்டா?" வெளி பெல்ட் சுழற்றினாலும், டைமிங் பெல்ட்டைக் கழற்றினால்தான் சில கார்களில் பம்பை எடுக்க முடியும். அப்படியானால் சேர்த்து மாற்றுவது நல்லது. எதையும் பிரிக்காமலேயே வெளியில் எடுக்க முடியும் என்றால், நன்றாக ஓடும் பம்பை மாற்ற அவசரமில்லை.

இரண்டாவது, "பம்ப் எந்தத் தயாரிப்பு, எவ்வளவு உத்தரவாதம்?" ஆகக் குறைந்த விலைப் பம்பைப் போட்டுவிட்டு, அடுத்த 80,000 கிலோமீட்டர் தாங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

மூன்றாவது, "கூலி எவ்வளவு, பொருள் எவ்வளவு?" இதை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லுங்கள். ரசீதில் தேதியும் மீட்டர் எண்ணும் இருக்கட்டும். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பட்டறை வேலையும் கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டிய ஒரு சேவைதான். பயனீட்டாளர் நடுவர் மன்றத்திற்குப் போக நேர்ந்தால் அந்த ரசீதுதான் உங்களுக்குத் துணை.

குழாய்த் தண்ணீர் போதுமா?

புதுப் பம்ப் போட்ட பிறகு வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "நம் நாட்டில் பனியா பெய்கிறது, கூலன்ட் எதற்கு?" என்கிறார்கள். கூலன்ட் பனிக்கு மட்டுமல்ல. அது துருவைத் தடுக்கிறது, நீரின் கொதிநிலையை உயர்த்துகிறது. துருவும் கசடும் சேர்ந்த நீர் பம்பின் சீலை அரித்துவிடும்.

பம்ப் கெடும் முன் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் கெடும். கார் நிறுத்திய இடத்தில் நிறமுள்ள நீர்த்துளிகள், இஞ்சின் முன்பக்கம் கரகரச் சத்தம், அடிக்கடி குறையும் கூலன்ட், ஏறும் வெப்பமுள் ஆகியவை அதன் அறிகுறிகள். முள் சிவப்பைத் தொட்டால் ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைத்துவிடுங்கள். சூடு ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவே வேண்டாம்.

தீபாவளிக்குப் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்கோ பினாங்குக்கோ புறப்படும் குடும்பங்கள் பல. இரவு நேரத்தில் நெடுஞ்சாலை ஓரத்தில் அவர்கள் நிற்க வேண்டிவந்தால், மிச்சம் பிடித்த 120 ரிங்கிட்டால் என்ன பயன்? கடைசியாக எப்போது பெல்ட் மாற்றினீர்கள், அப்போது பம்பும் மாற்றப்பட்டதா என்று இன்றே பழைய ரசீதை எடுத்துப் பாருங்கள். ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்று வைத்துக்கொண்டு பயணத்துக்கு முன்பே பட்டறைக்குப் போய் வருவதுதான் நல்லது.