வாங்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு! செம்மறிக்குள் ஒளிந்திருக்கும் மெதுவான நோய்கள்



கண்டனூர், புதுவயல் பக்கத்துக் குழுக்களில் கடன் மனு வாசிக்கும்போது ஆடு வாங்கக் கேட்கும் மனு ஒன்றாவது இருக்கும். நம்ம பொட்டலுக்கும் கண்மாய்க் கரைக்கும் தோதான கால்நடை செம்மறிதான். குட்டி போட்டு ஆறேழு மாசத்தில் ஒரு கிடாவை விற்றால் தவணை கட்டிடலாம், பள்ளிக்கூடச் செலவுக்கும் ஆகும். அதனாலதான் பெண்கள் கையில் ஆடு இருந்தால் வீட்டில் கொஞ்சம் தைரியம் இருக்கும்.

ஆனால் சில வீடுகளில் வேற கதை நடக்குது. ஆடு வாங்கி ஒரு வருஷம் நன்றாக மேய்ந்தது. ரெண்டாம் வருஷம் மெலிய ஆரம்பித்தது. தீனி தின்கிறது, உடம்பு ஏறவில்லை. மந்தையோடு நடக்க முடியாமல் பின்னாடியே நின்று மூச்சு வாங்குகிறது. ஈன்ற குட்டிக்குப் பால் போதவில்லை. "வாங்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு, கண்ணு பட்டிருச்சு" என்று சொல்லிவிட்டு விட்டுவிடுகிறோம்.

இப்படி மெலிவதற்குப் பல காரணங்கள் உண்டு. அதில் நமக்கு அதிகம் தெரியாத ஒன்றைப் பற்றித்தான் இந்த மடலில் பேசப்போகிறோம். அதுதான் வைரஸ் கிருமி வருஷக்கணக்கில் உடம்புக்குள் தங்கியிருந்து உண்டாக்கும் நோய்.

வைரஸ் நோயில் வேகமானதும் உண்டு, மெதுவானதும் உண்டு

வேகமான நோய் நமக்குத் தெரிந்ததுதான். ஆட்டுக்கொல்லி நோயை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நோய் இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டதே நம் தமிழ்நாட்டில்தான். 1987-ல் விழுப்புரம் பக்கம் அரசூர் கிராமத்துச் செம்மறிகளில் கண்டுபிடித்தார்கள். காய்ச்சல், மூக்கில் சளி, வாய்ப்புண், கழிச்சல் என்று வரிசையாக வரும். பத்து நாளுக்குள் ஆடு செத்துவிடும், இல்லையென்றால் தேறிவிடும். தேறிய ஆட்டின் உடம்பு கிருமியை முழுசாக வெளியேற்றிவிடும். அதன்பின் அந்த நோய் அதற்கு மறுபடி வராது. அந்த அரசூர் ஆட்டிலிருந்து எடுத்த கிருமியை வைத்தே நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசியும் தயாரித்தது. நோய் வந்த ஊரின் பெயரிலேயே மருந்தும் வந்தது நமக்கெல்லாம் பெருமை.

நீலநாக்கு நோய் இன்னொரு விதம். கொசுவை விடச் சின்னதான ஒரு கடிக்கும் பூச்சி இதைப் பரப்புகிறது. அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கும்போதுதான் அதிகம் வரும். 1997-98-ல் தமிழ்நாட்டில் பெரிய அளவில் வந்து நிறையச் செம்மறிகளைக் கொண்டுபோனது. முகம் வீங்கும், உதடும் நாக்கும் தடிக்கும், கால் நொண்டும். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாட்டுக்கும் வெள்ளாட்டுக்கும் இந்தக் கிருமி தொற்றினால் பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் வாரக்கணக்கில் அதன் ரத்தத்தில் கிருமி இருக்கும். பூச்சி அதைக் கடித்துவிட்டுப் பக்கத்தில் இருக்கும் செம்மறியைக் கடித்தால் போதும். ஆக, நோயைச் சுமக்கிற பிராணி நோயாளியாகத் தெரிய வேண்டும் என்ற அவசியம் இல்லை.

வாரக்கணக்கில் ஒளிகிற கிருமி இப்படி என்றால், ஆயுசு முழுக்க ஒளிகிற கிருமி எப்படி இருக்கும்? இந்தப் பாடத்தை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது ஐஸ்லாந்து என்ற குளிர் தேசத்துச் செம்மறிகள்.

20 ஆடுகள் கொண்டுவந்த வினை

ஐஸ்லாந்து மக்களும் நம்மைப்போல் செம்மறியை நம்பிப் பிழைத்தவர்கள். 1933-ல் அவர்கள் ஜெர்மனியிலிருந்து காரகுல் என்ற உயர்ஜாதிச் செம்மறிகள் 20 வாங்கி வந்தார்கள். சும்மா விட்டுவிடவில்லை. ரெண்டு மாசம் தனியாக அடைத்து வைத்துப் பார்த்தார்கள். ஒரு குறையும் தெரியாததால் பல ஊர்ப் பண்ணைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்.

சில வருஷம் கழித்து ஆடுகள் மூச்சு வாங்கிச் செத்தன. சில ஆடுகளுக்குப் பின்னங்கால் இழுத்துக்கொண்டு, எழுந்திருக்க முடியாமல் போனது. ஊர் மக்கள் முதல் நோய்க்கு 'மூச்சிரைப்பு' என்ற அர்த்தத்தில் மேடி என்றும், அடுத்ததுக்கு 'வாடிப்போதல்' என்ற அர்த்தத்தில் விஸ்னா என்றும் பெயர் வைத்தார்கள். ரெண்டுக்கும் ஒரே கிருமிதான் காரணம் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகள் செத்தன. நோயை ஒழிக்க இன்னும் ஆறரை லட்சம் ஆடுகளை வெட்ட வேண்டி வந்தது. 1965-ல்தான் நோய் அடங்கியது.

இதை ஆராய்ந்த பியோர்ன் சிகுர்ட்சன் என்ற மருத்துவர் 1954-ல் இதற்கு 'மெதுவான தொற்று' என்று பெயர் கொடுத்தார். ரெண்டு மாசம் தனியாக வைத்தும் ஏன் தெரியவில்லை என்றால், இந்த நோய் வெளியே தெரிய பெரும்பாலும் ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆகும்.

இதே கிருமிக் குடும்பம் தொற்றியதற்கான அடையாளம் நம் நாட்டு ஆடுகளின் ரத்தத்திலும் கண்டறியப்பட்டிருக்கிறது. எனவே தூர தேசத்துக் கதை என்று தள்ளிவிட முடியாது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நம் ரத்தத்தில் கிருமியைப் பிடித்துத் தின்னும் காவல் அணுக்கள் இருக்கின்றன என்று சுகாதாரப் பயிற்சியில் பேசியிருக்கிறோம். ஆட்டுக்கும் அப்படித்தான். மேடி கிருமி அந்தக் காவல் அணுவுக்குள்ளேயே போய்க் குடியேறிவிடுகிறது. காவல்காரன் வீட்டிலேயே திருடன் ஒளிந்தால் யார் பிடிப்பது? உடம்பு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒளிந்திருக்கும் கிருமியை அதனால் முழுசாகத் துடைக்க முடியவில்லை.

காவல் அணுக்கள் போகிற இடமெல்லாம் கிருமியும் போகிறது. நுரையீரல், பால்மடி, மூட்டு, மூளை என்று போய்ச் சேருகிறது. கிருமி இருப்பதை உணர்ந்து உடம்பு மேலும் மேலும் காவல் அணுக்களை அங்கே அனுப்புகிறது. சண்டை முடியவே மாட்டேன் என்கிறது. வருஷக்கணக்கில் இப்படிக் குவிந்து குவிந்து, பஞ்சு மாதிரி இருக்க வேண்டிய நுரையீரல் கெட்டித்து, ரெண்டு மூணு மடங்கு கனத்துப் போகிறது. அதனால்தான் மூச்சு வாங்குது. மடி கல்லாகி, பால் குறைவதும், மூட்டு வீங்குவதும் இதனால்தான். நோயைக் கொண்டுவந்தது கிருமி. ஆனால் உறுப்பைக் கெடுப்பதில் பெரும்பங்கு உடம்பின் ஓயாத சண்டைக்குத்தான்.

எச்.ஐ.வி. பற்றிக் குழுக்களில் பேசியபோது, "பார்த்தால் ஆரோக்கியமாக இருப்பவருக்கும் கிருமி இருக்கலாம்" என்று படித்தோம் அல்லவா? மேடி கிருமி அதே குடும்பத்தைச் சேர்ந்த தூரத்து உறவு. பயப்பட வேண்டாம், இது மனிதர்களுக்குத் தொற்றாது.

வேறு இரண்டு மெதுவான நோய்கள்

நுரையீரல் கட்டி நோய்: இன்னொரு வைரஸ் நுரையீரல் அணுக்களைக் கணக்கில்லாமல் பெருகவைத்துக் கட்டியாக்கிவிடும். நுரையீரலில் தண்ணீர் கோர்க்கும். தலையைத் தாழ்த்தும்போது மூக்கு வழியாக நுரைத் தண்ணீர் வடியும். இந்தியச் செம்மறிகளிலும் இது பதிவாகியிருக்கிறது. குளோனிங் முறையில் 1996-ல் பிறந்து உலகப் புகழ் பெற்ற டாலி என்ற செம்மறிக்கு 2003-ல் வந்ததும் இந்த நோய்தான்.

கருவிலேயே தொற்றுவது: 'பார்டர்' நோய் என்ற ஒன்று உண்டு. சினைப்பட்ட முதல் ரெண்டு மாசத்துக்குள் தாய்க்கு இந்தக் கிருமி தொற்றினால் கரு கலையலாம். கலையாமல் பிறக்கிற குட்டிக்கு அது எதிரிக் கிருமி என்றே தெரியாது. பிறக்கும்போதே கூட இருந்ததால் உடம்பு அதைத் தன்னுடையதாக நினைத்துக்கொள்ளும். அந்தக் குட்டி உயிரோடு இருக்கும்வரை மந்தைக்குள் கிருமியைப் பரப்பிக்கொண்டே இருக்கும்.

எப்படிப் பரவுது?

மேடி கிருமி சீம்பால், பால் வழியாகத் தாயிடமிருந்து குட்டிக்குப் போகும். அடைசலான பட்டியில் இருமல், மூச்சு வழியாக ஆட்டுக்கு ஆடு பரவும். ஒரே ஊசியைப் பல ஆட்டுக்குப் போட்டால் ரத்தம் வழியாகப் போகலாம். அறுவடை முடிந்ததும் கிடை போடுகிறோம். பல வீட்டு ஆடு ஒரே கிடையில் நெருங்கிப் படுக்கும். ஐஸ்லாந்திலும் மலையில் மேய்ந்த ஆடுகளை ஒன்றாகச் சேர்த்து அடைத்தபோதுதான் நோய் வேகமாகப் பரவியது.

முதலில் பார்க்க வேண்டியது

மெலிந்த ஆட்டையெல்லாம் வைரஸ் என்று நினைத்துவிடாதீங்க. நம் பக்கம் ஆடு மெலிவதற்குக் குடற்புழுவும் தீனிக் குறைவும்தான் பெரும்பாலும் காரணம். எனவே முதலில் சாணத்தைக் கொடுத்துப் பரிசோதித்து, குடற்புழு மருந்து கொடுங்கள். அதற்கும் தேறாமல் மூச்சு வாங்கினால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மெதுவான வைரஸ் நோய்களுக்குக் குணமாக்கும் மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. வாசலிலேயே தடுப்பதுதான் வழி.

நாம் செய்ய வேண்டியவை

1. சந்தையில் பல மந்தை ஆடு கலந்து நிற்கும். முடிந்தவரை தெரிந்தவர்களின் மந்தையில் நேரில் போய் வாங்குங்கள். வாங்கப்போகும் ஆட்டை மட்டும் பார்க்காமல் அதன் தாயையும், மந்தையில் உள்ள வயசான ஆடுகளையும் பாருங்கள். மெதுவான நோய் வயசான ஆட்டில்தான் முகம் காட்டும். மூச்சு வாங்கும் ஆடோ, மடி கல்லான ஆடோ ஒன்றுக்கு மேல் இருந்தால் அங்கே வாங்க வேண்டாம்.

2. புது ஆட்டை ஒரு மாசம் தனியாகக் கட்டுங்கள். ஆட்டுக்கொல்லி, அம்மை போன்ற வேகமான நோய் அதற்குள் தெரிந்துவிடும். மெதுவான நோய் இதில் தெரியாது. அதனால்தான் மேலே சொன்ன முதல் விஷயம் முக்கியம்.

3. ஆட்டுக்கொல்லிக்கும் நீலநாக்குக்கும் தடுப்பூசி இருக்கிறது. ஆட்டுக்கொல்லி ஊசி ஒரு தடவை போட்டால் சுமார் 3 வருஷம் காக்கும். முகாம் நாளைத் தவற விடாதீங்க. ஆட்டுக்கு ஆடு ஊசி மாற்றச் சொல்லிக் கேளுங்கள், அது நம் உரிமை.

4. ஒவ்வொரு ஆட்டுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எங்கே வாங்கியது, எப்போ ஈன்றது, எந்தக் குட்டி, எப்போ மெலிந்தது என்று எழுதுங்கள். ஒரே தாய் வழியில் நோய் வருவது அதில்தான் தெரியும்.

5. மூச்சிரைக்கிற ஆட்டைப் பட்டியிலிருந்து பிரித்துக் கட்டுங்கள். அதன் பெட்டைக் குட்டியை வளர்ப்புக்கு நிறுத்தாதீங்க. நல்ல ஆட்டின் சீம்பாலைக் குட்டிக்குத் தடுக்கக் கூடாது, அதுதான் குட்டிக்கு உயிர்.

6. காரணம் தெரியாமல் ஆடு செத்தால் புதைக்குமுன் மருத்துவரைக் கூப்பிட்டுப் பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். காப்பீடு கேட்பதற்கும் அந்தச் சான்றும் காதுவில்லையும் வேணும். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம்.

குழு யோசிக்க வேண்டிய ஒன்று

ஆடு இருமுது, தேறாதுன்னு தெரிஞ்சதும் நமக்கு முதலில் தோன்றுவது, "அடுத்த சந்தையில தள்ளிவிட்டிடலாம்" என்பதுதான். கடன் தவணை கழுத்தை நெரிக்கும்போது அப்படித் தோன்றுவது தப்பில்லை. ஆனால் அந்த ஆட்டை யார் வாங்குவார்? நம்மைப் போலக் கடன் வாங்கி ஆடு வளர்க்க வந்த இன்னொரு அக்காதான் வாங்குவார். அவர் பட்டியில் நோய் பரவும். அங்கே பிறந்த குட்டி ரெண்டு வருஷம் கழித்து நம் ஊருக்கே திரும்பி வரும். மெதுவான நோய்க்குக் கால் கிடையாது. சந்தைக்குச் சந்தை அதைச் சுமந்துபோவது நாம்தான்.

தேறாத ஆட்டை வளர்ப்புக்கு விற்காதீர்கள். மருத்துவர் பார்த்துச் சரி என்றால் இறைச்சிக்குக் கொடுக்கலாம். விலை குறையத்தான் செய்யும். அந்த நஷ்டத்தை ஒரே உறுப்பினர் தலையில் விடாமல், அவருக்குத் தவணையைத் தள்ளிவைக்கவோ வட்டியைக் குறைக்கவோ குழு தீர்மானம் போடலாம். அப்படி ஒரு ஆதரவு இருந்தால்தான் உறுப்பினர் நோயை மறைக்காமல் சொல்வார்.

அடுத்த கூட்டத்தில் ஊக்குநர் இதை வாசித்துக் காட்டுங்கள். ஆடு வளர்ப்பவர்கள் எல்லாரும் தங்கள் மந்தையில் மூச்சிரைக்கிற, மெலிகிற ஆடு எத்தனை என்று சொல்லட்டும். அதை எழுதிக் கூட்டமைப்புக்கு அனுப்பினால், மருத்துவரை அழைத்து ஒரே நாளில் பார்க்க ஏற்பாடு செய்வோம்.