வெயிலில் ஒளிரும் பச்சை

கிளமெண்டியில் 96ஆம் எண் பேருந்தில் ஏறினால், கொஞ்ச நேரத்தில் கென்ட் ரிட்ஜில் உள்ள சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் வந்துவிடும். அங்கே உயிரியல் துறையில் டாய்ச்சின் லீயும் அவருடைய மாணவர்களும் பல ஆண்டுகள் சிலந்திகளின் பின்னால் அலைந்தார்கள். அதற்காகக் காட்டுக்குள் போகவேண்டிய அவசியம்கூட எப்போதும் இருக்கவில்லை. வெயில் நன்றாக விழும் இட்லிப்பூச் செடிகளே போதுமாக இருந்தன.

அந்தச் செடிகளில் திரிவது காஸ்மோஃபேசிஸ் அம்ப்ராட்டிகா என்ற தாவும் சிலந்தி. ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. வலை கட்டி இரைக்காகக் காத்திருக்கும் வழக்கம் இதற்கு இல்லை. பார்த்து, பதுங்கி, பாய்ந்து பிடிக்கும். அதனால் இதற்குக் கண்தான் எல்லாம். எட்டுக் கண்களில் முன்னால் இருக்கும் பெரிய இரண்டின் விழித்திரைகள் உள்ளுக்குள்ளேயே நகரும். தலையைத் திருப்பாமலே எதிரே இருப்பதை அவை அலசிவிடும். 1969இல் இதை விளக்கிக் காட்டியவர் பிரிட்டிஷ் விஞ்ஞானி மைக்கேல் லேண்ட்.

பின்னாளில் அவரும் லீயும் மேத்யூ லிம்மும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2007இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியானது. ஆணின் முகமும் உடலும் புற ஊதா ஒளியைப் பிரதிபலிக்கின்றன. பெண்ணிடம் அந்தப் பளபளப்பு கிடையாது. ஆனால் அவள் வாயோரம் இருக்கும் குட்டிக் கைகள் அதே ஒளியை உறிஞ்சிக்கொண்டு பளிச்சென்ற பச்சையாக வெளிவிடுகின்றன. நம் கண்ணுக்குப் புற ஊதா தெரியாது, சிலந்திக்குத் தெரியும்.

இதற்கும் காதலுக்கும் என்ன சம்பந்தம்? வெளிச்சத்திலிருந்து புற ஊதாவை மட்டும் வடிகட்டிவிட்டுப் பார்த்தார்கள். முன்கால்களைத் தூக்கி ஆடிக் காட்டவேண்டிய ஆண்களில் பெரும்பாலானவை பெண்ணைச் சட்டைசெய்யவே இல்லை. பெண்களுக்கும் ஆண்கள்மீது நாட்டம் குறைந்தது. யோசித்தால், சாதாரணக் குழல் விளக்கின் கீழ் மட்டும் இவற்றைப் பார்த்த ஒருவர், ‘இவை மந்தமான பூச்சிகள்’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கக்கூடும். விலங்குக்குத் தெரிகிற உலகத்தை முதலில் தேடிப்போன இந்தப் பொறுமையே ஆய்வின் அழகு.

லீயின் குழு ஆராய்ந்த இன்னொரு சிலந்தி, நெஃபிலெங்கிஸ் மலபாரென்சிஸ். தென்னிந்தியாவிலும் உண்டு. பெண் பெரியது, ஆண் மிகச் சிறியது. கூடும்போது பெண் ஆணைத் தின்றுவிடுவது சகஜம். ஆண் கண்டுபிடித்திருக்கும் வழி விபரீதமானது: தன் புணர்ச்சி உறுப்பையே ஒடித்துப் பெண்ணின் உடலில் விட்டுவிட்டு விலகுகிறது. ஒடிந்த உறுப்பு அதன்பிறகும் விந்தைச் செலுத்திக்கொண்டே இருப்பதை 2012இல் இந்தக் குழு காட்டியது. தப்பிய ஆண் ஓடிவிடுவதும் இல்லை. வேறு ஆண்கள் நெருங்காமல் அந்தப் பெண்ணைக் காவல் காக்கிறது. உறுப்பை இழந்து எடை குறைந்த ஆண்கள் முன்பைவிட நீண்ட நேரம் களைக்காமல் தாக்குப்பிடிப்பதையும் அதே ஆண்டு வந்த மற்றோர் ஆய்வில் அளந்து பதிவுசெய்திருக்கிறார்கள்.