ஆய்விதழும் அறமும்

நூலின் முகப்பில் பாயிரம் வைப்பது தமிழ் மரபு. ஆக்கியோன் யார், நூல் வந்த வழி யாது, வழங்கும் எல்லை யாது, கேட்போர் யார், பயன் யாது என்பன போன்ற எட்டனைச் சிறப்புப் பாயிரம் முன்னரே உணர்த்திவிடும். இவற்றோடு காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்று எனக் கொள்வாரும் உளர் என்று நன்னூல் கூறும். இவற்றுள் வழி, காரணம் என்னும் இரண்டும் ஊன்றி நோக்கத்தக்கவை. கருத்து எவரிடமிருந்து வந்தது என்பதும், எது பற்றி நூல் எழுந்தது என்பதும் நூலைப் புரட்டிய அளவில் புலப்படமாட்டா. எடுத்துரைத்தாலன்றிப் படிப்போர் அவற்றை அறியார்.

இன்று உலகெங்கும் ஆய்விதழ்கள் மேற்கொண்டுள்ள வெளியீட்டு நெறிகள் பலவாக விரிந்து கிடப்பினும், அவற்றின் உயிர்நிலை இதுவே. படிப்போர் கண்ணுக்குப் புலனாகாதவற்றை எழுதியோர் தாமே வெளிப்படுத்தல் வேண்டும். இவ்வொன்று வழுவினால் விளையும் கேடு யாது என்பதையும், அந்நெறிகள் யாவை என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

மதிப்பீட்டின் எல்லை

1665ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இலண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க் என்பார் 'பிலசாபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்' என்னும் இதழைத் தொடங்கினார். அறிவியல் இதழ்களுள் மிகப் பழையனவற்றுள் ஒன்றான அது இன்றும் வெளிவருகின்றது. தொடக்கத்தில் இன்ன கட்டுரையை வெளியிடுவது என்பதை அவர் ஒருவரே முடிவு செய்தார். 1752இல் அரச கழகம் இப்பொறுப்பை ஏற்று, கட்டுரைகளைத் தேர்ந்தெடுக்கக் குழு ஒன்றை அமைத்தது. அத்துறை வல்லார் சிலரிடம் கட்டுரையை அனுப்பிக் கருத்துக் கேட்டபின் வெளியிடும் முறை பையப் பைய வளர்ந்து, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொதுவழக்காயிற்று.

தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அதன் பாயிரம் கூறுவதை அறிந்த நமக்கு, வல்லார் முன் வைத்து ஒப்புதல் பெறும் இம்முறை புதுமையாகத் தோன்றாது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தன் ஆசிரியன், தன்னோடு கற்றோன், தன் மாணாக்கன், தகுதி வாய்ந்த உரைகாரன் ஆகியோர் சிறப்புப் பாயிரம் செய்தற்குரியர் என்பது நம் மரபு. ஆய்விதழிலோ இவருள் முதல் மூவரும் மதிப்பீட்டாளராக அமர்தல் ஆகாது. நட்பும் நன்றியும் நடுவுநிலையைச் சாய்த்துவிடக்கூடும் அன்றோ?

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. மதிப்பீட்டாளர் பார்ப்பது கட்டுரையை. ஆய்வு நிகழ்ந்த இடத்தை அவர் பார்ப்பதில்லை. கணக்கில் பிழையிருந்தால் கண்டுபிடிப்பார். முடிவு தரவினின்றும் பெறப்படாவிடின் சுட்டிக்காட்டுவார். தரவே பொய்யாயின் அவர் என் செய்வார்? அங்கே எழுதியவரின் நேர்மை ஒன்றே காவல்.

ஒரு கட்டுரை விளைத்த கேடு

1998ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் 'தி லான்செட்' என்னும் புகழ்வாய்ந்த மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. இலண்டன் மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் வேறு 12 பேரும் அதனை எழுதியிருந்தனர். ஆராயப்பட்ட குழந்தைகள் 12 பேர். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றற்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசிக்குப் பிறகு அவர்களுட் சிலரிடம் குடற்கோளாறும் ஆட்டிசக் குறிகளும் தோன்றின என்று அது கூறிற்று. தொடர்பு மெய்ப்பிக்கப்படவில்லை என்று கட்டுரையே ஒப்புக்கொண்டது. எனினும், செய்தியாளர் கூட்டத்தில் அக்கூட்டு ஊசியை நிறுத்தித் தனித்தனியே போடலாம் என்று வேக்ஃபீல்டு பேசினார். செய்தித்தாள்கள் அதனைப் பெரிதாக்கின, பெற்றோர் அஞ்சினர். 2003-04இல் இங்கிலாந்தில் அத்தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தைகளின் அளவு நூற்றுக்கு ஏறத்தாழ 80ஆகக் குறைந்தது.

கட்டுரையில் எழுதப்படாதவை பின்னர் ஒவ்வொன்றாக வெளிவந்தன. தடுப்பூசி உற்பத்தியாளர்மீது வழக்குத் தொடுக்க முனைந்த வழக்கறிஞர் ஒருவர் கட்டுரை வெளிவருவதற்கு 2 ஆண்டுகட்கு முன்பே வேக்ஃபீல்டை அமர்த்தியிருந்தார். அதன்வழி அவர் பெற்ற தொகை 4 இலட்சம் பவுனுக்கும் மேற்பட்டது. தடுப்பூசி ஒன்றன் தொடர்பாக அவர் காப்புரிமையும் கோரியிருந்தார். குழந்தைகள் இயல்பாக அடுத்தடுத்து மருத்துவமனைக்கு வந்தவர் என்று எழுதியிருந்ததும் மெய்யன்று. உரிய ஒப்புதலின்றி அக்குழந்தைகட்குத் துன்பம் தரும் சோதனைகள் செய்யப்பட்டன என்றும் பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் 2010இல் தீர்ப்பளித்தது.

2004இல் பிரையன் டீர் என்னும் செய்தியாளர் பணத்தொடர்பை வெளிப்படுத்தியபின், கட்டுரையாளருள் 10 பேர் அதன் விளக்கத்தைக் கைவிட்டனர். 2010 பிப்ரவரியில் இதழ் கட்டுரையை முழுமையாகத் திரும்பப் பெற்றது. அவ்வாண்டே வேக்ஃபீல்டின் பெயர் மருத்துவர் பதிவேட்டினின்றும் நீக்கப்பட்டது.

இடையில் கழிந்தன 12 ஆண்டுகள். 2002இலேயே டென்மார்க்கில் 5 இலட்சத்து 37 ஆயிரம் குழந்தைகளை ஆராய்ந்து, அவ்வூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று காட்டினர். ஆயினும் அச்சம் அகலவில்லை. 2012-13இல் வேல்சு நாட்டின் சுவான்சி வட்டாரத்தில் தட்டம்மை பரவி, 1,200க்கும் மேற்பட்டோர்க்கு அந்நோய் கண்டதாகப் பதிவாயிற்று. நோயுற்றோருள் பலர், அஞ்சிய பெற்றோரின் ஊசி போடப்படாத பிள்ளைகள். பொய் விரைந்து சென்றது. திருத்தம் அதன் பின்னே தளர்ந்து நடந்தது.

நெறிகள் நான்கு

1978இல் மருத்துவ இதழாசிரியர் சிலர் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிப் பொது விதிகளை வகுக்கத் தொடங்கினர். 1997இல் வெளியீட்டு அறத்துக்கென இதழாசிரியர் குழு ஒன்று பிரிட்டனில் தோன்றிப் பிற துறைகட்கும் விரிந்தது. அவர்கள் வகுத்தவற்றுள் தலையாயவற்றை நான்காக அடக்கிக் கூறலாம்.

முதலாவது, வழி கூறல். பிறர் கருத்தையும் சொல்லையும் எடுத்தாளும்போது பெயர் சுட்டல் வேண்டும். தம் பழைய கட்டுரையையே பெயர் மாற்றி மற்றோர் இதழுக்கு அனுப்புவதும் குற்றமே. 'கூறியது கூறல்' நம் இலக்கணத்தில் நூலின் நடைபற்றிய குற்றம். இங்கே அது நேர்மைபற்றிய குற்றமாகிறது. ஓர் ஆய்வே ஈராய்வாகக் கணக்கில் ஏறிச் சான்றின் வலிமையை மிகுத்துக் காட்டும்.

இரண்டாவது, ஆக்கியோர் யார் எனல். உழைத்தவர் பெயர் விடுபடலாகாது. உழையாதவர் பெயர் ஏறலாகாது. துறைத்தலைவர் என்பதாலோ வழிகாட்டி என்பதாலோ மட்டும் ஒருவர் பெயரைச் சேர்த்தல் தகாது. பெயர் தருவோர் கட்டுரைக்குப் பொறுப்பும் ஏற்றல் வேண்டும். இதனாலேயே, செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கட்டுரையாளராகக் கொள்ளலாகாது என்று 2023இல் அக்குழு அறிவித்தது. கருவி பொறுப்பேற்காது அன்றோ?

மூன்றாவது, காரணம் கூறல். ஆய்வுக்குப் பொருள் உதவியவர் யார், முடிவால் எழுதியவர்க்கு ஊதியம் உண்டா என்பவற்றை வெளியிடல் வேண்டும். பணம் பெற்றமையாலேயே ஆய்வு பொய்யாகிவிடாது; மறைத்தமையே குற்றம்.

நான்காவது, தரவைக் காத்தலும் மாந்தரைக் காத்தலும். தரவை மாற்றலும் புனைதலும் கூடா. கேட்டால் காட்டும் நிலையில் அதனை வைத்திருத்தல் வேண்டும். ஆய்வுக்கு உட்படுவோரின் இசைவும் பெறல் வேண்டும்.

இந்நான்கையும் மீறிப் பிழை நேர்ந்துவிட்டால், இதழ் அதனை வெளிப்படையாகத் திருத்தல் வேண்டும்; தேவையாயின் கட்டுரையைத் திரும்பப் பெறல் வேண்டும். திரும்பப் பெற்ற இதழை எள்ளுதல் தவறு. பிழையை மூடி வைக்கும் இதழே எள்ளத்தக்கது.

தமிழாசிரியர்க்கு

இவை மருத்துவர்க்கன்றோ, நமக்கு என்ன என்று இருத்தல் ஆகாது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆசிரியர் பலர் தம் வகுப்பறையையே களமாகக் கொண்டு செயலாய்வு நிகழ்த்துகின்றனர். அங்கே ஆய்வுக்கு உட்படுவோர் நம் மாணவரே. பெற்றோரின் இசைவின்றி ஒரு சிறுவனின் பிழை மலிந்த கட்டுரையைப் பெயரோடு அச்சிடலாமா? புதிய பயிற்றுமுறையால் பயன் பெறாத மாணவரை அட்டவணையினின்றும் நீக்கிவிட்டு, அனைவரும் முன்னேறினர் என்று எழுதலாமா? அவ்வாறு எழுதினால், அதனை நம்பி மற்றொரு பள்ளி அம்முறையை மேற்கொள்ளும். அங்குள்ள பிள்ளைகளின் ஓராண்டு வீணாகும்.

தோட்டப்புறத்து மூதாட்டி பாடிய தாலாட்டைப் பதிந்து வெளியிடுவோர்க்கும் இதே கடமை உண்டு. பாடியவரிடம் இசைவு பெற்று, அவர் விரும்பினால் அவர் பெயரையும் சுட்டல் வேண்டும். கல்வெட்டை நேரிற் காணாது பிறர் படித்த பாடத்தை எடுத்தாள்வோர், நேரிற் கண்டது போல எழுதலாகாது.

இன்னொன்றும் கருதத்தக்கது. பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்னும் நெருக்கடியைப் பயன்படுத்தி, பணம் பெற்றுக்கொண்டு மதிப்பீடே இல்லாமல் எதனையும் வெளியிடும் போலி இதழ்கள் மலிந்துள்ளன. வெளியீட்டுக் கட்டணம் பெறும் இதழெல்லாம் போலியல்ல. ஆயின், சில நாளிலேயே ஒரு திருத்தமும் கேளாமல் ஏற்றுக்கொள்ளும் இதழை ஐயுறுதல் நலம். ஆசிரியர் குழுவில் உள்ளோர் யார், அவர்கள் உண்மையிலேயே அப்பொறுப்பில் உள்ளனரா என்று கேட்டறிந்தபின் கட்டுரை அனுப்புக.

மாணவர் பிறர் நூலைப் பார்த்தெழுதிய வீட்டுப்பாடத்தில் 'இதனை எங்கிருந்து எடுத்தாய்?' என்று கேட்பது ஆசிரியர் கடமை. அக்கேள்வியைத் தம் கட்டுரையின் ஒவ்வொரு பத்தியிடத்தும் கேட்டுப் பார்ப்பவரே ஆய்வாளர் என்னும் பெயர்க்கு உரியவர்.