மரண அறிவித்தலை மட்டும் ஏன் முழுதாக வாசிக்கிறோம்?

ஞாயிறு பிற்பகல்களில் லாச்சப்பல் மெற்றோ நிலையத்தில் இறங்கி, ஃபோபூர் சன்-தெனி வீதியின் கடைகளுக்குள் நுழைபவர்களைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். முருங்கைக்காயும் மீனும் வாங்கிய பையோடு ஒருவர் தமிழ்ப் பத்திரிகை ஒன்றைக் கையில் எடுப்பார். முதற்பக்கத் தலைப்புகளில் கண்ணை ஓடவிடுவார். பின்னர் நேரே மரண அறிவித்தல்கள் உள்ள பக்கத்தைப் புரட்டுவார். அங்கே கண் நின்றுவிடும். பெயர், ஊர், பெற்றோர், சகோதரர், மருமக்கள், தொடர்பு இலக்கங்கள் என்று கடைசி வரிவரை வாசிப்பார். இறந்தவர் அவருக்கு அறிமுகமற்றவராகவும் இருக்கக்கூடும். அதே விரிந்த தாளின் எதிர்ப்பக்கத்தில், எழுதியவர் ஒரு வாரம் உழைத்த கட்டுரை கிடக்கும். அதில் மூன்று வரிகளுக்கு மேல் அவர் போவதில்லை.

புலம்பெயர்ந்த எம்மவரிடையே வாசிப்புப் பழக்கம் அருகிவிட்டது என்பது எமது இலக்கியக் கூட்டங்களில் தவறாது கேட்கும் முறைப்பாடு. அந்த முறைப்பாட்டில் பாதிதான் உண்மை. வாசிக்காதவர்கள் எனப் பழிக்கப்படுபவர்களே மரண அறிவித்தலை எழுத்து விடாமல் வாசிக்கிறார்கள். ஊர்ப்பாசம், உறவின் கடமை, யாரும் தெரிந்தவரோ என்ற அச்சம் என்பன இதற்குக் காரணங்களாகலாம். ஆயினும் பத்திரிகைக்காரர் கவனிக்கத் தவறும் காரணம் ஒன்று உண்டு. பத்திரிகை முழுவதிலும் வாசகரை மனத்திற் கொண்டு அடுக்கப்பட்ட எழுத்து அது ஒன்றுதான்.

அதன் அமைப்பைப் பாருங்கள். இலக்கணப்படி மரண அறிவித்தல் ஒரே வாக்கியம். இன்னாரின் மகளும், இன்னாரின் மனைவியும், இன்னாரின் தாயாரும் என நீண்டு, இருபது முப்பது பெயர்களைச் சுமந்துகொண்டு கடைசியில் ஒரேயொரு வினைமுற்றில் வந்து விழும். பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த காலத்தில் மாணவர் எவரேனும் இத்தகைய வாக்கியத்தை எழுதித் தந்திருந்தால் சிவப்பு மையால் வெட்டியிருப்பேன். ஆனால் இந்த வாக்கியத்தில் எவரும் வழிதவறுவதில்லை. நிழற்படம் மேலே இருக்கிறது. பெயர் பெரிய எழுத்தில் தனியே நிற்கிறது. பிறப்பிடத்துக்கு ஒரு வரி, வதிவிடத்துக்கு ஒரு வரி. ஓர் உறவு முடியும் இடத்தில் வரியும் முடிகிறது. கிரியை நடைபெறும் திகதி, நேரம், இடம் யாவும் கீழே தனித்து நிற்கின்றன. தேடி வருபவர் தேடியதைக் கண்டடைகிறார். மிகுதியையும் வாசித்துவிட்டே போகிறார்.

நாவலர் இட்ட புள்ளிகள்

ஏட்டுச் சுவடியைக் கண்டவர்களுக்குத் தெரியும். அதிலே சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. பந்தி கிடையாது. எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம். ஏடு எழுதியவர் அசட்டையால் இவ்வாறு செய்தார் என்று கொள்ளலாகாது. ஓலையைப் பதப்படுத்துவது பெரும் உழைப்பு. இடத்தை வீணாக்க முடியாது. வாசிப்பவர் பக்கத்தில் ஆசிரியர் இருந்தார். எங்கே நிறுத்துவது, எங்கே பிரிப்பது என்பதை அவரது குரல் காட்டியது. ஏடு நினைவுக்குத் துணையாக இருந்தால் போதுமாயிருந்தது.

1578 இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சேறியபோது தமிழெழுத்து இயந்திரத்துக்கு வந்துவிட்டது. ஆனால் ஆசிரியரில்லாமல் தனித்திருந்து வாசிக்கும் தமிழ் வாசகரை மனத்திற் கொண்டு பக்கத்தை ஒழுங்கு செய்யும் வேலை நெடுங்காலம் காத்திருந்தது. அந்த வேலையில் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822-1879). பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தமையால் மிசனரிகளின் அச்சுப் பக்கம் எவ்வாறு இயங்குகிறது என்பதை அவர் உள்ளிருந்தே கண்டவர். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, அடுத்த ஆண்டே அச்சியந்திரத்தையும் கொண்டுவந்தார். அவருடைய பாலபாடங்களிலும் பெரியபுராண வசனத்திலும் சந்தி இயன்றவரை பிரிக்கப்பட்டது. காற்புள்ளியும் அரைப்புள்ளியும் முற்றுப்புள்ளியும் ஒழுங்காக வந்து அமர்ந்தன. நாவலரின் சாதி நோக்குக் குறித்துக் கடுமையான விமர்சனங்கள் உண்டு, அவை நியாயமானவையும்கூட. ஆயினும் வீட்டில் ஒரு மூலையில் தனியே அமர்ந்து தமிழ் வசனத்தை வாசிக்கும் பழக்கத்துக்கு அவருடைய நிறுத்தக்குறிகள் பெருந்துணை செய்தன என்பதை மறுப்பதற்கில்லை.

கோட்டுத்தாளில் வந்த பத்திரிகை

பக்கத்தில் ஓர் அங்குலமும் வெறுமையாக இருக்கக்கூடாது என்ற எண்ணம் எமது பத்திரிகையாளரிடம் எங்கிருந்து வந்தது? யாழ்ப்பாணத்தில் 1841 இல் உதயதாரகை வெளிவந்தது. 1959 இல் ஈழநாடு தோன்றியது. 1981 ஜூனில் நூலகத்தோடு அதன் பணிமனையும் எரிக்கப்பட்டது. 1985 இல் உதயன் வந்தது. ஆனால் எமது கண்ணில் பதிந்துபோன பத்திரிகைப் பக்கம் இவற்றுக்கெல்லாம் பிந்தியது. அது 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்துப் பக்கம். அச்சுத்தாள் வரவில்லை. மாணவரின் கொப்பிக்குரிய கோட்டுத்தாளிற்கூடச் செய்தி அச்சிடப்பட்டது. மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு, ஜாம் போத்தல் விளக்கின் சிறு சுடரில் அதனை வாசித்தோம். பந்தி பிரித்து இடத்தை விடுவது அன்றைக்குச் செய்தி ஒன்றை வெட்டுவதற்குச் சமம். ஆகவே நெருக்கினார்கள். வாசகரும் முறையிடவில்லை. எந்த ஊரில் எறிகணை விழுந்தது, எந்தப் பாதை பூட்டப்பட்டது என்ற செய்தியில் அவருடைய உயிரே தங்கியிருந்தது. எவ்வளவு நெருக்கமான எழுத்தாயினும் அவர் வாசித்தே ஆகவேண்டும்.

அந்த நெருக்கம் எம்மோடு விமானமேறி வந்துவிட்டது. இங்கே தாளுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் வாசகரின் நேரத்துக்கு. அதிகாலையில் அலுவலகம் ஒன்றைத் துப்புரவு செய்துவிட்டு, மாலையில் உணவகத்துச் சமையலறையில் கோப்பை கழுவி, நள்ளிரவுத் தொடருந்தில் லாக்கூர்நெவ்வுக்கோ சார்செலுக்கோ திரும்புபவரிடம் இருபத்தைந்து நிமிடங்கள் இருக்கின்றன. அவற்றிற் பாதியைத் தூக்கம் எடுத்துக்கொள்ளும்.

இந்த நகரம் அந்தப் பாடத்தை நெடுங்காலத்துக்கு முன்பே படித்துவிட்டது. 1836 இல் எமில் த ஜிரார்தன் பரிஸில் லா பிரெஸ் என்னும் நாளேட்டைத் தொடங்கியபோது, ஏனைய நாளேடுகள் எண்பது பிராங் வாங்கிய ஆண்டுச் சந்தாவை நாற்பதாகக் குறைத்தார். பிரெஞ்சு நாளேடுகள் பக்கத்தின் அடிப்பகுதியை ஒரு கோட்டாற் பிரித்து அங்கே கலை, இலக்கிய விடயங்களை இட்டுவந்தன. அந்த இடத்துக்குத் 'தரைத்தளம்' என்றே பெயர். அந்தத் தரைத்தளம் விரைவில் தொடர்கதையின் வீடாயிற்று. பல்சாக்கின் நாவல் ஒன்று அதே ஆண்டில் அந்த ஏட்டில் தொடராக வந்தது. வாசகர் மாடிப்படி ஏறவேண்டியதில்லை. நேரே கதவைத் திறந்து கதைக்குள் நுழையலாம். 2002 இல் பரிஸ் மெற்றோ வாசல்களில் இலவசமாக விநியோகிக்கத் தொடங்கிய நாளேடு ஒன்றின் பெயரே 'இருபது நிமிடங்கள்'. வாசகரின் பயண நேரத்தை அளந்து அதனையே தலைப்பாக வைத்துக்கொண்டார்கள்.

தமிழிலும் இதனை உணர்ந்தவர் இருந்தார். 1942 இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி. பா. ஆதித்தனார், தேநீர்க்கடை வாங்கில் ஒருவர் உரத்து வாசிக்க நால்வர் கேட்கும் பத்திரிகையையே உருவாக்கினார். சிறு வாக்கியம், பேச்சுக்கு அண்மையான சொல், பெரிய தலைப்பு. கற்றோர் அதை எள்ளினர். விரிவுரையாளர் அறைகளில் அந்த எள்ளலை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். ஆனால் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிய பலருக்கு அதுவே பயிற்சிக் களமாயிற்று. கவலை என்னவெனில், எமது புலம்பெயர் ஏடுகள் சில அவரிடமிருந்து தலைப்பின் பருமனை மட்டும் எடுத்துக்கொண்டு சிறு வாக்கியத்தை விட்டுவிட்டன. சிவப்பு மையில் நான்கு தலைப்புகள், ஒவ்வொன்றின் பின்னும் மூன்று வியப்புக்குறிகள், கீழே மூச்சுவிட இடமில்லாத அதே பழைய நெரிசல். நான்கு பேர் ஒரே நேரத்தில் கூவினால் ஒருவர் குரலும் கேட்பதில்லை.

தமிழெழுத்துக்கென்று சில தேவைகளும் உண்டு. பிரெஞ்சுப் பக்கத்தைப் பார்த்து அப்படியே பின்பற்றினால் அவை அடிபட்டுப்போகும். எமது எழுத்துகளிற் சுழி அதிகம். ண, ஞ, ணை போன்றவற்றைச் சிறிய அளவிலே தடித்த எழுத்தாக இட்டால் சுழிகள் அடைபட்டு மைக்குற்றாகிவிடும். ஆகவே அழுத்திச் சொல்லவேண்டியதைத் தடிப்பாக்குவதைக் காட்டிலும் தனி வரியில் நிறுத்துவது நன்று. எமது சொற்களும் நீளமானவை. 'வந்துகொண்டிருந்தவர்களுக்காகவும்' என்ற ஒரு சொல்லே ஒடுங்கிய பத்தியின் அகலத்தை விழுங்கிவிடும். அதனை வரியிறுதியில் எந்த அடையாளமுமின்றி எங்கேயாவது உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளுவது எமது அச்சுக்கோப்பாளரின் பழைய வழக்கம். ஊரில் படித்தவர் கண் அதைத் தானாகவே சேர்த்துக்கொள்ளும். இங்கு வளரும் பிள்ளையின் கண் சேர்ப்பதில்லை.

அந்தப் பிள்ளைக்கு இன்னொரு இடரும் இருக்கிறது. பிரெஞ்சில் ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் பெரிய எழுத்தில் தொடங்குவதால், பொருள் தெரியாவிட்டாலும் அது பெயர் என்றாவது தெரிந்துவிடும். தமிழில் அந்த வசதி இல்லை. வார இறுதித் தமிழ் வகுப்பில் ஓரளவு வாசிக்கக் கற்ற பிள்ளை 'நிலாவரை சென்றனர்' என்ற வரியைக் கண்டால் நிலா வரைக்கும் சென்றார்கள் என்றே கொள்ளும். யாழ்ப்பாணத்து வற்றாத கிணறு அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? 'புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றடிக்குச் சென்றனர்' என்று எழுத மேலும் மூன்று சொற்கள் போதும். அந்த மூன்று சொற்களுக்கு இடமில்லை என்று சொல்லும் ஆசிரியர், அதே பக்கத்தில் வெளியீட்டு விழாவில் விளக்கேற்றியோரின் பட்டியலுக்கு அரைப்பத்தி ஒதுக்குவார்.

மூன்று பக்கத்தில் ஒரு வாழ்வு

பத்திரிகையில் வாசகரை இழந்தால் நட்டம் எழுதியவரோடு போகும். எம்மவர் எழுதும் இன்னொரு வகை எழுத்தில் நட்டம் பெரிது. பிரான்சில் அகதி அந்தஸ்துக் கோருபவர் தம் கதையைப் பிரெஞ்சில் எழுதி, 1952 இல் நிறுவப்பட்ட ஒஃப்ரா பணிமனையிடம் சமர்ப்பிக்கவேண்டும். பெரும்பாலும் அது முதலில் தமிழிற் சொல்லப்படுகிறது. அல்லது கொப்பித்தாளில் எழுதப்படுகிறது. லாச்சப்பலில் தேநீர் மேசைகளில் அத்தகைய தாள்கள் கைமாறுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். பந்தியில்லாத மூன்று பக்கங்கள். 1995 ஒக்டோபர் இடப்பெயர்விலிருந்து தம்பியின் கைதுக்குத் தாவி, அங்கிருந்து தகப்பனாரின் மரணத்துக்குப் பின்சென்று, கொழும்பு விடுதி அறைக்கு வந்து, மீண்டும் முகாமுக்குப் போகும். துன்பம் நினைவில் வரும் ஒழுங்கு அதுதான், அதிற் குறையில்லை. மொழிபெயர்ப்பவரோ வந்த ஒழுங்கிலேயே பெயர்த்துவிடுகிறார்.

அதனை வாசிப்பவர் ஃபொந்தனே-சூ-புவாவில் ஓர் அலுவலர். அவர் மேசையில் அது ஒன்று மட்டும் இருப்பதில்லை. எந்தக் கைது முதலாவது, எது இரண்டாவது என்று பிரித்தறிய முடியாவிட்டால் அவர் கதைக்குள் நுழைய முடியாது. நேர்முகத்தில் அந்த இடத்திலிருந்தே கேள்வி எழும். நிராகரிக்கப்பட்டு மொந்த்ரேயில் உள்ள தேசிய புகலிட நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு சென்றாலும், முதலில் எழுதிக் கொடுத்தது கோவையிற் கிடந்து பேசும். அழகான பந்தி பொய்யை மெய்யாக்காது. ஆனால் ஒழுங்கற்ற பக்கம் மெய்யைக் கண்ணிற் படாமல் மறைத்துவிடக்கூடும்.

ஆகவே ஒரு நிகழ்வுக்கு ஒரு பந்தி. பந்தியின் தொடக்கத்தில் திகதியும் இடமும். அடுத்து யார் வந்தார்கள், என்ன செய்தார்கள், எத்தனை நாள், எப்படி வெளியேறினீர்கள். திகதி நினைவில் இல்லையெனில் புதிதாக ஒன்றைப் புனைந்து போடவேண்டாம். மாரி தொடங்கிய காலம், நல்லூர்த் திருவிழாவுக்கு முன், மகள் பிறந்து மூன்றாம் மாதம் என்று நினைவில் உள்ளபடியே எழுதலாம். பந்திகளுக்கு இடையில் ஒரு வரி வெறுமையாக விடவேண்டும். ஊர்ப்பெயரை முதன்முறை எழுதும்போது எந்த மாவட்டம் என்பதையும் சேர்க்கவேண்டும். அலுவலருக்கும் அந்தப் பிள்ளையைப் போலவே ஊர் தெரியாது. தமிழ் மூலத்தையும் அதே பந்தி ஒழுங்கில் எழுதிப் பக்க எண் இட்டு, ஒரு பிரதியை வீட்டிலே பத்திரப்படுத்தவேண்டும். நேர்முக அழைப்பு வர மாதங்கள் செல்லலாம். அன்று காலை மெற்றோவில் இருந்துகொண்டு அதனை மீண்டும் வாசிக்கவேண்டியவர், எழுதியவரேதான்.