மீன் எண்ணெயும் மழலைப் பேச்சும்

சென்ற மாதம் நமது சங்கக் கூட்டம் முடிந்து படியிறங்குகையில், அன்பர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து, "ஸார், தங்கள் குழந்தைக்கு மீன் எண்ணெய் கொடுத்து வந்தீர்களாமே, குணம் தெரிந்ததா? என் மகனுக்கு மூன்று வயது நிரம்பப் போகிறது, இன்னும் பேச்சு வரவில்லை" என்று வினவினார். படிக்கட்டில் நின்று சொல்லி முடிக்கக்கூடிய விஷயமாக அது இல்லை. இதே கவலை வேறு சில இல்லங்களிலும் உண்டென அறிவோம். ஆதலால் இங்கு எழுதலானோம். நமது தொழில் ரயில்வே சரக்கு அலுவலகத்தில் கணக்கு எழுதுவது. படிப்போ பள்ளியிறுதி வரை. வைத்தியம் சொல்லும் தகுதி நமக்கு இல்லை. பட்டதையும், பின்னர் தேடிப் படித்ததையும் மட்டுமே சொல்லுகிறோம்.

நமது மகளுக்கு இரண்டரை வயதாகியும் "ம்மா", "தா" என்னும் இரண்டு ஒலிகளே வந்தன. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் வசிக்கும் நண்பர், தம் உறவினர் குழந்தை மீன் எண்ணெயால் பேசத் தொடங்கிற்று என்று கூறி ஒரு சீசாவைக் கொணர்ந்து கொடுத்தார். நம் தாயார் அதனைச் சமையலறைக்குள் அனுமதிக்கவில்லை. செருப்பு வைக்கும் மாடத்துக்கு மேலே அதற்கு இடம் ஒதுக்கினார். ஆயினும் பேத்திக்காக மூக்கைப் பிடித்துக்கொண்டு, தினமும் தம் கையாலேயே புகட்டினார்.

கணக்கெழுதும் வழக்கத்தால், குழந்தை புதிதாகச் சொல்லும் சொற்களை நாம் ஒரு நோட்டில் குறித்து வந்தோம். எட்டு மாதத்தில் ஒன்பது சொற்கள் சேர்ந்தன. எண்ணெயின் மகிமை என்றே நம்பி, சீசா தீருமுன் அடுத்ததை வாங்கினோம். அந்த நோட்டை இன்று புரட்டினால் வெட்கமாயிருக்கிறது. எண்ணெய் பருகாத குழந்தையும் எட்டு மாதத்தில் சில சொல் கற்குமே! அந்த ஒன்பதிலும் நான்கு, கேட்க வேண்டுமென்ற ஆசையால் நாமே கேட்டுக்கொண்டவை.

உலகத்து ஆராய்ச்சிகளிலும் இந்தச் சிக்கல் நேர்ந்திருக்கிறது. பேச்சுறுப்புகளை இயக்குவதில் தடுமாறும் 187 குழந்தைகளுக்கு மீன் எண்ணெயும் வைட்டமின் ஈ-யும் கொடுத்ததில், ஏறக்குறைய எல்லாப் பெற்றோரும் முன்னேற்றம் கண்டதாகக் கூறினர் என ஓர் அமெரிக்கக் கட்டுரை 2009-இல் வெளியாயிற்று. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, எண்ணெய் பெறாத குழந்தைகள் அதில் இல்லை. அதுவும் நமது நோட்டைப் போன்றதே.

இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் நடந்து 2005-இல் வெளியான சோதனை இதனினும் நேர்மையாக அமைந்தது. உடல் அசைவுகளை ஒழுங்குபடுத்தத் திணறும் 117 சிறுவர் சிறுமியரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மீன் எண்ணெயும் மற்றதற்கு ஆலிவ் எண்ணெயும், எவருக்கு எது என்று தெரியாதபடி மூன்று மாதம் கொடுத்தனர். அசைவுத் திறனில் வேற்றுமை இல்லை. வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் நடத்தையிலும் மீன் எண்ணெய்ப் பிரிவு முந்தியது. அந்நாட்டுப் பெற்றோரிடையே இது பெரும் நம்பிக்கையை விளைத்தது. பின்னர் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் வாசிப்பில் பின்தங்கிய பள்ளிக் குழந்தைகள் 362 பேருக்கு இத்தகைய சோதனை நடத்தி, மிகவும் பின்தங்கியோரிடம் சிறிது பயன் கண்டதாக 2012-இல் அறிவித்தனர். அதனை உறுதி செய்யவேண்டி 376 குழந்தைகளிடம் மீண்டும் நடத்தினர். பயன் காணப்படவில்லை என்று 2018-இல் அவர்களே வெளியிட்டனர். தம் கணக்கில் விழுந்த வித்தியாசத்தைத் தாமே ஒப்புக்கொள்பவரிடம் நமக்கு மதிப்பு அதிகம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளைப் பற்றிய சோதனைகளை 2011-இல் தொகுத்து ஆராய்ந்தவர்களுக்கு, தகுதியானவை இரண்டே, மொத்தம் 37 குழந்தைகளைக் கொண்டவையே கிடைத்தன. பயனுக்கு ஆதாரம் இல்லை என்றே முடித்தனர்.

மூளையின் கட்டமைப்பில் டி.எச்.ஏ. என்னும் கொழுப்பமிலம் பெரும்பங்கு வகிப்பது மெய். உணவில் அது தேவை என்பதிலிருந்து, புட்டியில் மிகுதியாகக் கொடுத்தால் பேச்சு வரும் என்று கொள்வதுதான் தவறு. மீன் உண்போருக்கு மத்தியும் அயிலையும் போதும். இங்கே நாகபுரியில் ஜவஸ் என்று வழங்கும் ஆளி விதையை மராட்டிய இல்லத்தார் சட்னிப் பொடியாக்கி உண்கின்றனர், சுவையானது, நல்லதுங்கூட. ஆயினும் அதிலுள்ள ஒமேகா-3 வேறு வகை. உடல் அதில் சிறு பகுதியையே டி.எச்.ஏ. ஆக்கிக்கொள்கிறது. நுண்பாசியிலிருந்து எடுக்கும் எண்ணெய் சைவருக்கு உண்டு. காட் மீனின் ஈரல் எண்ணெயில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். அதில் வைட்டமின் ஏ மிகுதி. அளவு மீறினால் வாந்தி, தலைவலி, ஈரல் கேடு ஆகியன நேரும்.

இனி நமது மகளிடம் வருவோம். குவார்ட்டர்ஸ் தண்டவாளத்தை ஒட்டியது. எஞ்சின் ஊதினால் அவள் திரும்பிப் பார்ப்பாள். ஆகவே செவியைப் பற்றி எவருக்கும் ஐயம் எழவில்லை. எட்டு மாதம் கழித்துப் பரிசோதித்தபோது, உரத்த ஒலி கேட்கிறது, ச, த, க போன்ற மெல்லிய ஒலிகள் கேட்கவில்லை என்று தெரிந்தது. எண்ணெயால் கெடுதல் ஒன்றும் இல்லை. அந்த எட்டு மாதந்தான் போயிற்று. பேச்சு முளைக்கும் வயதில் போயிற்று.

வீட்டில் தமிழை விடுத்து இந்தியில் மட்டும் பேசுமாறு ஒருவர் நமக்கு யோசனை கூறியிருந்தார். அதனைப் பேச்சுப் பயிற்சி அளிக்கும் அம்மையாரிடம் சொன்னபோது அவர் நகைத்து விட்டார். இரு மொழி கேட்பதால் பேச்சுக் கோளாறு உண்டாவதில்லை. பாட்டிக்கு வரும் மொழியிலேயே பாட்டி பேசட்டும் என்றார்.

ஆகவே அன்பருக்கு நாம் சொன்னது இதுவே: இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தைக்கு முதலில் செவிப் பரிசோதனை. உறங்கும் குழந்தைக்கும் அதைச் செய்ய இயலும். 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரமம் என்னும் அரசுத் திட்டத்தின்படி மாவட்டந்தோறும் இதற்கென மையங்கள் அமைக்கப்படுகின்றன; அங்கன்வாடியில் விசாரிக்கலாம். மைசூரில் 1965-இல் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனமும் இருக்கிறது. எண்ணெய் கொடுப்பதாயின் டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள். அதன் பலனுக்காகக் காத்திராதீர்கள்.

நமது மகள் இப்போது செவிக்கருவி அணிகிறாள். நோட்டுத் தொடர்கிறது, ஆனால் பாட்டியும் கேட்டு ஒப்புக்கொண்ட சொல்லையே எழுதுகிறோம். சென்ற வெள்ளியன்று எழுதியது "சாவி".