கேளாமல் ஏறும் வட்டி

கடன் பட்டவன் தவணை நாள் நெருங்குவதை எண்ணிக் கலங்குவது உலக இயல்பு. வீட்டுக் கடனாயினும் நகைக் கடனாயினும், வட்டியைக் கட்டு என்று ஒரு கடிதமோ ஓர் ஆளோ வந்து வாசலில் நிற்கும் என்ற அச்சத்தினாலேயே அவன் செலவைச் சுருக்கிப் பணத்தை ஒதுக்கி வைத்துக் கணக்கில் கண்ணாக இருக்கிறான். அமெரிக்கப் பங்குச் சந்தையில் தரகு ஸ்தாபனங்கள் தம் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் மார்ஜின் கடனிலோ தவணை நாள் என்பதே கிடையாது. பங்குகளை ஈடாக வைத்துக்கொண்டு மேலும் பங்கு வாங்கப் பணம் தரும் அந்தக் கடனுக்கு முடிவு தேதி இல்லை. மாதாமாதம் இவ்வளவு கட்ட வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இல்லை. ஒருவரும் கேட்காத காரணத்தால் வட்டி ஏறாமல் இருந்துவிடுகிறதா என்றால், சனி, ஞாயிறு, பண்டிகை என்ற பேதமின்றி ஒவ்வொரு நாளும் அது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த ஏற்றம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை, கடனில் இறங்கும் முன்பே ஒவ்வொருவரும் காகிதத்தில் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வது அவசியம் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

ஒருவர் 20,000 டாலர் மதிப்புள்ள பங்குகளை வாங்க விரும்புகிறார். கையில் இருப்பதோ 10,000 டாலர். மீதியைத் தரகர் தருகிறார். வாங்கும் சமயத்தில் பாதிக்கு மேல் கடன் தரலாகாது என்பது ஃபெடரல் ரிசர்வ் வாரியத்தின் 'ரெகுலேஷன் டி' என்னும் விதி. 1974 முதல் அந்த ஐம்பது சதவிகிதம் மாறவில்லை. வாங்கிய பங்குகள் அனைத்தும் தரகர் வசம் ஈடாக நிற்க, வாடிக்கையாளர் கணக்கில் 10,000 டாலர் பற்று எழுதப்படுகிறது. வட்டி கணக்கிடப்படுவது இந்தப் பற்றின் மீதுதான். பங்குகளின் விலை 30,000 டாலருக்கு உயர்ந்தாலும், 15,000 டாலருக்குச் சரிந்தாலும், பற்று அதே 10,000தான். விலை ஏறினால் கடன் தானாகவே குறைந்துவிடும் என்ற மயக்கம் புதிதாக வருபவர்களிடம் சகஜமாகக் காணப்படுவதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன். பணம் கட்டினால் பற்று குறையும். பங்கை விற்றால் குறையும். டிவிடெண்ட் வரவானால் அந்த அளவு குறையும். விலை ஏற்றம் ஒருவருடைய செல்வத்தைக் கூட்டுமேயன்றிக் கடனில் ஒரு காசைக்கூடக் கழிக்காது.

வட்டி வருஷத்துக்கு 9 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். நாள் வட்டி காண்பதற்கு, பற்றை வட்டி விகிதத்தால் பெருக்கி 360ஆல் வகுக்கிறார்கள். 10,000 டாலருக்கு 9 சதவிகிதம் 900 டாலர். அதை 360ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 2 டாலர் 50 சென்ட். வருஷத்துக்கு 365 நாள் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயமாயிருக்க, இந்த 360 எங்கிருந்து வந்தது என்று வாசகர் கேட்பது நியாயமே. பணச் சந்தையில் வங்கிகள் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் வழக்கம் அது. மாதத்துக்கு முப்பது நாளாகப் பன்னிரண்டு மாதம் என்ற பழைய கைக்கணக்கின் எச்சம். ஆனால் வகுக்கும்போது 360ஐ எடுத்துக்கொள்பவர்கள், நாட்களை எண்ணும்போது உண்மையான 365ஐயே எண்ணுகிறார்கள். ஆகவே, வருஷம் முழுவதும் பற்று அசையாமல் நின்றால் வட்டி 900 டாலர் அன்று, 912 டாலர் 50 சென்ட். லீப் வருஷமானால் 915 டாலர். 9 என்று சொல்லப்பட்ட விகிதம் காரியத்தில் 9.125 ஆகிவிடுகிறது. வித்தியாசம் சொற்பம்தான், ஒப்பந்தத்திலும் அது ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டிருக்கிறது. இருந்தாலும், இரண்டு ஸ்தாபனங்களின் வட்டியை ஒப்பிட்டுப் பார்ப்பவர், எது 360ஆல் வகுக்கிறது, எது 365ஆல் வகுக்கிறது என்று பார்க்காமல் ஒப்பிட்டால் கணக்கு பிசகிவிடும்.

பற்று மாதம் முழுவதும் ஒரே நிலையில் நிற்பது அபூர்வம். முப்பது நாள் கொண்ட ஒரு மாதத்தில் முதல் 12 நாள் 10,000 டாலர் பற்று இருந்து, பிறகு 4,000 டாலர் கட்டியதால் 9 நாள் 6,000 ஆகி, மறுபடியும் 3,000 டாலருக்குப் பங்கு வாங்கியதால் கடைசி 9 நாள் 9,000 ஆயிற்று என்று கொள்வோம். ஒவ்வொரு பற்றையும் அது நின்ற நாட்களால் பெருக்கினால் 1,20,000, 54,000, 81,000 என்று வரும்; மொத்தம் 2,55,000. இதை 9 சதவிகிதத்தால் பெருக்கி 360ஆல் வகுத்தால் 63 டாலர் 75 சென்ட். அந்த மாத வட்டி அவ்வளவே. மாதத்தின் கடைசி நாளில் நின்ற பாக்கியை மட்டும் பார்த்து வட்டி போடுவதில்லை. ஆகையால் கடைசி நாளில் அவசரமாகப் பணம் கட்டிப் பயனில்லை. முதல் வாரத்திலேயே கட்டும் நூறு டாலர், இறுதி வாரத்தில் கட்டும் நூறு டாலரைவிட அதிக வட்டியை மிச்சப்படுத்தும்.

நாட்களை எண்ணுவதில் நுட்பமான விஷயம் ஒன்று உண்டு. வட்டி தொடங்குவது பங்கு வாங்கிய நாளில் அன்று, பணம் தீர்வாகும் நாளில். 2024 மே 28 முதல் அமெரிக்காவில் வியாபாரம் நடந்த மறு வேலைநாளிலேயே பணமும் பங்கும் கைமாறுகின்றன. 2017 முதல் அதுவரை இரண்டு வேலைநாள் ஆயின. வெள்ளிக்கிழமை வாங்கியவருக்குத் திங்கட்கிழமை முதல்தான் பற்று எழுதப்படும். இந்தச் சலுகையே விற்கும்போது எதிராகத் திரும்பும். வெள்ளிக்கிழமை பங்கை விற்று, 'கடன் தீர்ந்தது' என்று நிம்மதியாக வீடு திரும்புபவரின் பற்று திங்கட்கிழமை பணம் வந்து சேரும்வரை அப்படியே நிற்கிறது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளுக்கும் வட்டி உண்டு. வியாழக்கிழமை விற்றிருந்தால் வெள்ளிக்கிழமையே தீர்ந்திருக்கும். காலையில் வாங்கி மாலையில் விற்றுவிடுபவருக்கோ இரண்டும் ஒரே நாளில் தீர்வாவதால் வட்டியே இல்லை.

இனி, 9 சதவிகிதம் என்று நாம் வைத்துக்கொண்ட அந்த விகிதம் எப்படி நிர்ணயமாகிறது என்று பார்க்க வேண்டும். பர்மாவில் லேவாதேவி நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார் ரங்கூனில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்து, அதை ஒட்டியே தங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் கணக்குகளைப் பார்த்து வந்தார்கள். அமெரிக்கத் தரகு ஸ்தாபனமும், வங்கிகள் தரகர்களுக்குக் கடன் தரும் வட்டி முதலியவற்றை அனுசரித்துத் தனக்கென ஓர் அடிப்படை விகிதத்தை வைத்துக்கொண்டு, கடனின் அளவுக்கேற்ப அதன்மேல் கூட்டியோ குறைத்தோ வாடிக்கையாளரிடம் வாங்குகிறது. ஆனால் இங்கே சபை கூடுவதில்லை. ஸ்தாபனமே தன்னிச்சையாக நிர்ணயிக்கிறது. அடிப்படை விகிதம் முன்னறிவிப்பின்றியே மாறலாம் என்றும் பெரும்பாலான ஒப்பந்தங்கள் கூறுகின்றன.

கடன் பெருகப் பெருக விகிதம் குறையும் என்பது பொதுவான ஏற்பாடு. இதிலும் இரண்டு முறைகள் உண்டு. 25,000 டாலர் வரை 12 சதவிகிதம், அதற்கு மேல் 11 சதவிகிதம் என்று விகிதப் பட்டியல் சொல்வதாகவும், ஒருவர் 30,000 டாலர் வாங்கியிருப்பதாகவும் கொள்வோம். சில ஸ்தாபனங்கள் முழுத் தொகைக்கும் 11 சதவிகிதமே போடும். 360 நாளுக்கு வட்டி 3,300 டாலர். வேறு சில, முதல் 25,000 டாலருக்கு 12ம் எஞ்சிய 5,000 டாலருக்கு மட்டும் 11ம் போடும். அப்போது வட்டி 3,550 டாலர். பட்டியல் ஒன்றே, கணக்கு வேறு.

வட்டி விகிதத்துக்குச் சட்டம் உச்சவரம்பு கட்டவில்லை. எவ்வளவு கடன் தரலாம் என்பதையே கட்டுப்படுத்தியது. அதற்கு 1929இன் அனுபவமே காரணம். விலையில் பத்தில் ஒரு பங்கை மட்டும் கட்டிவிட்டு மீதி முழுவதையும் கடனில் வாங்குவது அக்காலத்தில் சாதாரணமாக நடந்தது. அவ்வாண்டு மார்ச் 26ஆம் தேதி நியூயார்க்கில் தரகர்கள் பெறும் அழைப்புக் கடனின் வட்டி 20 சதவிகிதத்தைத் தொட்டது. அப்படியும் கடன் வாங்குவது நிற்கவில்லை. இலையுதிர் காலத்தில் விலைகள் வீழ்ந்தபோது எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு கடனோடு சேர்ந்து அழிந்தது. 1934இல் இயற்றப்பட்ட சட்டம் கடன் அளவை நிர்ணயிக்கும் அதிகாரத்தை ஃபெடரல் ரிசர்வ் வாரியத்துக்கு வழங்கிற்று; 1946இல் முழுப் பணமும் கட்டினாலன்றிப் பங்கு வாங்க முடியாது என்று சுமார் ஓராண்டு கடனையே அது நிறுத்தி வைத்ததும் உண்டு. வட்டியைப் பொறுத்தவரை, விகிதம், கணக்கிடும் முறை முதலியவற்றைத் தரகர் எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும் என்று பிற்பாடு ஒரு விதி வந்தது. தெரிவிக்கிறார்கள், வாசிப்பவர்கள்தாம் குறைவு.

இந்தக் கடனின் உண்மையான அபாயம் விகிதத்தில் இல்லை, கேளாமையில் இருக்கிறது. மாதம் முடிந்ததும் வட்டித் தொகை பற்றிலேயே சேர்க்கப்படுகிறது. மறு மாதம் அந்த வட்டிக்கும் வட்டி ஓடுகிறது. நம் உதாரணத்தில் ஒரு காசும் கட்டாமல் ஓராண்டு விட்டால் கடன் 10,000 டாலரிலிருந்து ஏறக்குறைய 10,950 டாலராகிவிடும். பங்கின் மதிப்பில் கடன் போகச் சொந்தப் பங்கு 25 சதவிகிதத்துக்குக் கீழே போகலாகாது என்பது தரகர்களைக் கட்டுப்படுத்தும் ஃபின்ரா அமைப்பின் விதி. பல ஸ்தாபனங்கள் இதைவிட அதிகமும் கேட்கும். 10,000 டாலர் கடனுக்கு, பங்குகளின் மதிப்பு 13,333 டாலருக்குக் கீழே இறங்கினால்தான் இந்த எல்லை மீறப்படும். கடன் 10,950 ஆனபிறகு எல்லை 14,600 டாலருக்கு ஏறிவிடுகிறது. பங்கு வாங்கியவர் ஒன்றும் செய்யவில்லை, புதிதாகக் கடன் வாங்கவில்லை; ஆயினும் ஆபத்தின் எல்லை அவரை நோக்கி 1,267 டாலர் நகர்ந்து வந்துவிட்டது. எல்லை மீறப்பட்டால் தரகர் கூடுதல் பணம் கேட்கலாம். கேட்காமலே பங்குகளை விற்றுக் கடனை நேர் செய்துகொள்ளவும் ஒப்பந்தம் அவருக்கு உரிமை தருகிறது. அப்படி விற்கப்படுவது விலை வீழ்ந்துகிடக்கும் நாளில்தான் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நம் நாட்டிலும் செபியின் அனுமதியோடு எம்.டி.எஃப். என்ற பெயரில் இதே வகைக் கடன் தரப்படுகிறது. இங்கும் நாள் கணக்கில்தான் வட்டி. விகிதத்தைத் தரகரே நிர்ணயிக்கிறார். பங்குகளை அடமானம் வைக்கவும் மீட்கவும் வேறு கட்டணங்கள் உண்டு. இப்படிப்பட்ட கடனை ஏற்கெனவே வாங்கியிருப்பவர்களிடம் நான் வேண்டிக்கொள்வது ஒன்றே: ஒப்பந்தத்தில் வட்டி பற்றிய பக்கத்தை இன்றே எடுத்துப் படியுங்கள், மாதக் கணக்கில் வட்டி என்று எழுதியிருக்கும் தொகையை, யாரும் கேட்காவிட்டாலும், அன்றைக்கே கைப்பணத்திலிருந்து கட்டிவிடுங்கள். அமெரிக்க மார்ஜின் கணக்கில், எந்த நாளிலும் எவ்வளவு தொகையையும் திருப்பிக் கட்டலாம். முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் கிடையாது.