குளிரை வென்ற குமாஸ்தா

2018-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. காலண்டர்படி அது வசந்த காலம். ஆனால் உஷ்ணமானி காட்டியதோ சுமார் 4 டிகிரி சென்டிகிரேடு. எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. இப்படிப்பட்ட நாளில்தான் பல்லாயிரம் பேர் ஹாப்கின்டன் என்ற சிற்றூரிலிருந்து பாஸ்டன் வரை, 42 கிலோ மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தை, ஓடிக் கடக்கத் திரண்டு நின்றார்கள். 1897-ல் தொடங்கிய புகழ்பெற்ற மாரத்தான் பந்தயம் அது.

உலகப் பிரசித்தி பெற்ற ஓட்டக்காரர்கள் பலர் அன்று குளிர் தாங்காமல் பாதி வழியிலேயே நின்றுவிட்டார்கள். முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போனவர் யார் தெரியுமா? ஜப்பானில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்த்து வந்த சர்க்கார் குமாஸ்தா!

ஆபீஸும் ஓட்டமும்

அவர் பெயர் யூக்கி கவாவுச்சி. அப்போது அவருக்கு வயது 31. ஜப்பானில் சிறந்த ஓட்டக்காரர்களைப் பெரிய கம்பெனிகள் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வது வழக்கம். பயிற்சியாளர், வைத்தியர், சாப்பாடு எல்லாம் கம்பெனி பொறுப்பு. கவாவுச்சிக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. சைத்தாமா மாகாண சர்க்காரில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, வேலைக்குப் போகுமுன் காலை வேளையில் ஓடிப் பழகினார்.

பயிற்சிக்கு நேரம் போதவில்லையே என்று அவர் சோர்ந்துவிடவில்லை. பந்தயங்களையே பயிற்சியாக வைத்துக்கொண்டார். மற்ற வீரர்கள் வருஷத்துக்கு இரண்டு மாரத்தான் ஓடினால் பெரிது. இவரோ ஏறக்குறைய மாதத்துக்கு ஒன்று ஓடினார். ஒரு தடவை கோட்டும் டையும் அணிந்தே அரை மாரத்தான் ஓடி, பார்த்தவர்களைத் திகைக்க வைத்தார்.

அந்த 2018-ம் வருஷத்துப் புத்தாண்டு தினத்தை அவர் கழித்த விதம் இன்னும் விசித்திரம். பாஸ்டனுக்குத் தெற்கே மார்ஷ்பீல்டு என்ற ஊரில் நடந்த ஒரு சின்னஞ்சிறு மாரத்தானில் ஓடினார். அன்றைய குளிர் பூஜ்யத்துக்கும் கீழே சுமார் 17 டிகிரி. அதிலும் 2 மணி 18 நிமிஷம் 59 விநாடியில் ஓடி முடித்தார்!

நனைந்தால் ஆபத்து

ஓட்டத்துக்குக் குளிர் விரோதி அல்ல. ஓடும்போது உடல் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு உஷ்ணமாகவே வெளிப்படுகிறது. அதனால் வெயிலைவிட, இதமான குளிரில்தான் மாரத்தான் வீரர்கள் நன்றாக ஓடுகிறார்கள்.

ஆனால் குளிருடன் மழையும் காற்றும் சேர்ந்துகொண்டால் கதை வேறு. தண்ணீர், காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடலின் சூட்டை இழுத்துவிடும். மெலிந்த ஓட்டக்காரரின் உடம்பிலோ கொழுப்பு என்ற போர்வை கிடையாது. முதலில் விரல்கள் மரத்துப்போகும்; பிறகு நடுக்கம் எடுக்கும். கால் தளர்ந்து வேகம் குறைந்தால், உள்ளே பிறக்கும் உஷ்ணமும் குறையும். உடலின் உள்வெப்பம் 37 டிகிரியிலிருந்து 35-க்குக் கீழே இறங்கினால் புத்தி தடுமாறும், உயிருக்கே ஆபத்து.

துரத்திப் பிடித்தார்

பந்தயம் தொடங்கியதும் கவாவுச்சி பாய்ந்தார். முதல் மைலை 4 நிமிஷம் 37 விநாடியில் கடந்தார். இந்த மழையில் இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தவர்கள் உண்டு. பின்னர் கென்யா வீரர் ஜெப்ரி கிருயி வெகுதூரம் முன்னே போய்விட்டார். கிருயி சாமானியரல்ல, 2017-ல் பாஸ்டன் பந்தயத்தையும் உலக சாம்பியன் பட்டத்தையும் வென்றவர்.

ஆனால் கடைசிக் கட்டத்தில் குளிர் கிருயியைப் பிடித்துக்கொண்டது. அவர் கால்கள் தளர, பின்னாலிருந்து வந்த குமாஸ்தா அவரைத் தாண்டிப் போனார். 2 மணி 15 நிமிஷம் 58 விநாடியில் வெற்றி! கிருயி இரண்டு நிமிஷத்துக்கு மேல் பின்தங்கி இரண்டாவதாக வந்தார். 1987-க்குப் பின் பாஸ்டனில் வென்ற முதல் ஜப்பானியர் கவாவுச்சிதான். எல்லோரும் சபித்த அந்த வானிலை, தமக்கு மிகவும் உகந்ததாக இருந்தது என்று அவர் சொன்னார்!

காத்து நின்ற பெண்

பெண்கள் பந்தயத்திலும் அன்று ஓர் அதிசயம். அமெரிக்காவின் டெஸிரே லிண்டன் 2011-ல் இதே பாஸ்டனில் இரண்டே விநாடியில் வெற்றியைக் கோட்டை விட்டவர். இம்முறை தொடக்கத்திலேயே உடம்பு ஒத்துழைக்கவில்லை. விலகிவிடலாம் என்று எண்ணினார். அதற்கு முன் பிறருக்காவது உதவுவோம் என்று நினைத்தார். சக வீராங்கனை ஷலேன் ப்ளானகன் கழிப்பறைக்கு ஒதுங்கியபோது, வேகத்தைக் குறைத்து அவருக்காகக் காத்திருந்தார். இருவரும் சேர்ந்து ஓடி முன்னணிக் கூட்டத்தை மீண்டும் பிடித்தார்கள்.

பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தளர்ந்து விழ, விலக நினைத்த லிண்டன் 2 மணி 39 நிமிஷம் 54 விநாடியில் முதலாவதாக வந்துவிட்டார். 1985-க்குப் பிறகு அங்கே வென்ற முதல் அமெரிக்கப் பெண்மணி அவரே.

கடிகாரத்தை மட்டும் பார்த்தால் இருவரின் நேரமும் சாதாரணம்தான். பல ஆண்டுகளாக அங்கே அவ்வளவு மெதுவாக ஓடி யாரும் வென்றதில்லை. ஆனால் அன்று நடந்தது வேகத்தின் போட்டி அல்ல. நிற்காமல் இருப்பதன் போட்டி. கவாவுச்சி 2019-ல் சர்க்கார் வேலையை விட்டு முழுநேர ஓட்டக்காரரானார். அந்தத் துணிவை அவருக்கு அளித்தது, மற்றவர்களை முடக்கிய அந்தக் குளிர்மழைதான்!